முனீஸ்வரரிடம் மாட்டிக்கொண்ட காதல்

1

வருடா வருடம் நானும் என் வீட்டுக்காரரும் ஜோடியாக உடுத்திக்கொண்டு வெளியே போகிற ஒரே இடம் குடிநுழைவு அலுவலகம்தான். கோயிலுக்கு அவர் தனியாகப் போவார், நான் தனியாகப் போவேன். கல்யாண வீடுகளுக்கும் அப்படியே. யாராவது ஒருவர் எங்கள் மளிகைக் கடையில் இருந்தாக வேண்டும். ஆனால் மனைவியின் விசாவைப் புதுப்பிக்கும்போது கணவனும் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அறந்தாங்கியிலிருந்து கல்யாணமாகி லூனாஸுக்கு வந்த நாளிலிருந்து எங்கள் கல்யாண நாளை நாங்கள் கொண்டாடுவது இப்படித்தான், டோக்கன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு.

இந்த முறை கவுண்டரில் இருந்தவர் சிரித்த முகமான ஒரு மலாய்க்கார அதிகாரி. தாள்களைப் புரட்டினார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு அவரிடம், "மாசே சாயாங்?" என்று கேட்டார். இன்னும் மனைவி மேல் பாசம் இருக்கிறதா என்று அர்த்தம். வேடிக்கைக்குக் கேட்டதுதான். என் வீட்டுக்காரர் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். காது மடல் சிவந்தது. கடைசியில், "ஓகே லா" என்றார்.

இத்தனை வருட தாம்பத்தியத்துக்குக் கிடைத்த மதிப்பெண் ஓகே லா. அதிகாரி முத்திரை குத்திவிட்டார்.

வெளியே வந்து நிற்கும்போது ஊரிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அக்கா, யுகனுக்கு இங்க ஒரு நல்ல இடம் வந்திருக்கு. பேசட்டுமா?" என்றாள். யுகன் என் ஒரே பிள்ளை. நான் கொஞ்சம் பொறு என்றேன். ஏன் என்றாள். அதைப் போனில் சொல்ல முடியாதடி, எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். அவளுக்காக ஆரம்பித்தது இது. அவள் எப்படியும் தெரு முழுக்கப் படித்துக் காட்டத்தான் போகிறாள், எனவே எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

2

இங்கே உள்ள பையன்களைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். நீங்கள் யாராவது வந்து லூனாஸ் சடக்கில் இவர்களைப் பார்த்தால் பயந்துபோய் எதிர்ப்பக்கம் நடப்பீர்கள். சடக்கு என்றால் சாலை. எனக்கே இந்தச் சொல் வாயில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது.

கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, காதில் கடுக்கன், முழங்கை வரை பச்சை. மோட்டார் சைக்கிளில் வந்தால் செம்பனைக் காட்டில், அதாவது எண்ணெய்ப் பனைத் தோப்பில், கூலிக்கு மரம் அறுக்கிற சத்தம். ஒருவரை ஒருவர் மச்சான் என்பார்கள், ஆனால் யாருக்கும் அக்கா தங்கை கிடையாது. முறைத்துப் பார்ப்பார்கள். முறைத்துக்கொண்டே, "பசியாறிட்டீங்களா ஆண்டி?" என்று கேட்டுவிட்டு, கடையில் இறங்கும் அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போவார்கள். இதுதான் இவர்கள் லட்சணம்.

என் பிள்ளை இவர்களுக்குத் தலைவன். பகலில் குலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பார்க்கிறான். மாலையானால் உருமி மேளம். இங்கே கோயில் திருவிழா, கல்யாணம், காது குத்து எதுவானாலும் உருமி இல்லாமல் ஆகாது. யுகன் உருமி எடுத்து வளைந்த குச்சியால் ஒரு இழுப்பு இழுத்தால் நான்கு வீதிக்குக் கேட்கும். அவன் மார்பில் சிங்கம் குத்தியிருக்கிறான். அந்தச் சிங்கத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதில் ஒரு விஷயம் இருக்கிறது.

குழுவில் பத்துப் பேர் இருந்தாலும் எப்போதும் எங்கள் கடை அஞ்சடியிலேயே உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டு பேர். அஞ்சடி என்பது கடைவாசலில் கூரை போட்ட நடைபாதை. ஒருவன் குட்டி. பெயர்தான் குட்டி. அவன் உட்கார்ந்தால் பெஞ்சின் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். தவில் அடிக்கிறவன். இன்னொருவன் போத்தாக். மலாயில் மொட்டை என்று அர்த்தம். அவன் ஏன் மொட்டையானான் என்பதும் கதைக்குத் தேவை, வருகிறேன்.

என் பிள்ளை என்னோடு பேசுவது குறைந்து சில வருடமாகிறது. ஆறாம் வகுப்புவரை பள்ளியில் நடந்தது அத்தனையும் ஒப்பிப்பான். அப்புறம் வாக்கியங்கள் சுருங்கின. இப்போது எதைக் கேட்டாலும் மூன்றே பதில்தான். "ஒண்ணும் இல்ல மா." "அப்பறம் சொல்றேன் மா." "உங்களுக்குத் தெரியாது லா மா." இந்த மூன்றாவதைக் கேட்டால் எனக்கு மண்டைக்கு ஏறும். எனக்குத் தெரியாததை எல்லாம் குட்டியிடம் ஒரு தேநீருக்கு வாங்கிவிடலாம் என்பது அவனுக்குத்தான் தெரியாது.

3

குட்டிதான் சொன்னான். "ஆண்டி, யுகன் பல்லு கழுவப் போறான்."

"காலையில எல்லாரும்தானேடா கழுவுறோம்."

"அது இல்ல ஆண்டி. கிளினிக்ல. மாசா மாசம்."

குலிமில் ஒரு பல் கிளினிக். அங்கே மருத்துவருக்கு உதவியாளாக வேலை செய்கிற பெண் தர்ஷினி. எங்களுக்குத் தெரிந்த வீட்டுப் பெண்தான். அப்பா மாரிமுத்து அண்ணன் செம்பனைக் குலை ஏற்றுகிற லாரி ஓட்டுநர். தோட்டத்து எல்லையில் இருக்கிற முனீஸ்வரர் கோயிலை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். பெண் என் கடைக்கு வந்தால் பட்டியலே இல்லாமல் மூன்று நிமிடத்தில் எல்லாம் எடுத்து, கணக்கும் மனதிலேயே போட்டுச் சொல்லிவிடுவாள். அதிகம் சிரிக்க மாட்டாள். சிரித்தால் நாமும் சிரிப்போம்.

ஒருமுறை கடைவாய்ப் பல் வலி என்று போனவன் இவளைப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான். பல் சரியாகிவிட்டது, ஆள் சரியாகவில்லை. அடுத்த மாதம் சுத்தம் செய்ய வேண்டும் என்று போயிருக்கிறான். அதற்கடுத்த மாதமும். மருத்துவரே, "தம்பி, இனிமே தேய்ச்சா பல்லு இருக்காது" என்று சொல்லிவிட்டாராம்.

சரி, போனானே, பேசினானா? அங்கேதான் கூத்து. நாற்காலியில் சாய்ந்தவுடன் அவள் பக்கத்தில் வந்து நிற்பாள். இவன் பேச நினைப்பான். அதற்குள் மருத்துவர் வாயைத் திற என்பார். வாய்க்குள் பஞ்சு, தண்ணீர் உறிஞ்சுகிற குழாய். அவள்தான் குழாயைப் பிடிப்பாள். "வலிக்குதா?" என்று கேட்பாள். இவன் "ஆ" என்பான். இத்தனை மாதத்தில் இந்தக் காதலில் நடந்த உரையாடல் மொத்தமும் இதுதான்.

"ஏன்டா, கவுண்டர்ல நின்னு ரெண்டு வார்த்தை பேசக் கூடாதா?" என்று குட்டியைக் கேட்டேன்.

"மாலு லா ஆண்டி," என்றான். மாலு என்றால் வெட்கம். "அவன் யாரு, தலைவன். போயி இல்லன்னு சொல்லிட்டா எப்படி? போய்ஸ் முன்னால மொகம் என்னா ஆவுறது?" போய்ஸ் என்றால் இவர்கள் கூட்டத்துப் பையன்கள்.

நான்கு வீதிக்குக் கேட்கிற மாதிரி உருமி இழுக்கிறவன், இரண்டடி தூரத்தில் நிற்கிற பெண்ணிடம் வாய் திறக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் குட்டி சொன்ன அந்த "இல்லன்னு சொல்லிட்டா" எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குக் காரணம் போத்தாக்.

4

போத்தாக்குக்கு ஒரு காலத்தில் சுருள் சுருளாகத் தலைமுடி. தொழிற்சாலைப் பேருந்தில் வருகிற ஒரு பெண்ணை விரும்பினான். கேட்டான். அவள் வேண்டாம் என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாளாம்.

அன்று மாலை எங்கள் கடை இரும்புக் கதவில் குத்தினான். பள்ளம் இன்னும் இருக்கிறது. தலைக்கவசத்தைச் சாக்கடையில் எறிந்தான், பிறகு அபராதத்துக்குப் பயந்து அவனே இறங்கி எடுத்தான். தலையை மழித்துக்கொண்டான். இதுவரை சிரிக்கலாம். அதன் பிறகு தினமும் அந்தப் பெண் வீட்டெதிரில் மோட்டாரை நிறுத்தி உட்கார ஆரம்பித்தான். ஒன்றும் பேச மாட்டான், சும்மா உட்காருவான். கூட்டாளிகளும் துணைக்கு உட்காருவார்கள். என் பிள்ளையும் உட்கார்ந்தான். அதுதான் நட்பாம். அந்தப் பெண் ஒரு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டு பினாங்கில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நான் ஒண்ணுமே செய்யலையே ஆண்டி, சும்மாதான ஒக்காந்தேன்," என்று போத்தாக் இன்றும் சொல்வான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. நல்ல பையன் அவன். என் சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக் கொடுக்கிறவன். நல்ல பையன்கள்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம். முடியாது என்ற ஒரு வார்த்தையை வாங்கி வைத்துக்கொள்ள இவர்களுக்கு இடமே இல்லை.

ஆக, என் பிள்ளைக்கு அந்தப் பெண் கிடைப்பாளா என்பது என் கவலையே இல்லை. கிடைக்காவிட்டால் இவன் என்ன ஆவான் என்பதுதான். தர்ஷினி வீட்டு வாசலில் ஒரு மோட்டார் தினமும் நிற்பதையும், அதன் மேல் என் மகன் உட்கார்ந்திருப்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீங்க கொஞ்சம் பேசுங்களேன்."

"என்னானு பேசுறது?" என்றார்.

யாரிடம் போய்க் கேட்கிறேன் பாருங்கள்.

5

தர்ஷினிக்குப் பிறந்தநாள் வந்தது. பையன்கள் கூடி முடிவெடுத்தார்கள். சர்ப்ரைஸ். இங்கே இது பெரிய வியாதி. யாருக்கு என்ன நல்லது நடந்தாலும் அவரைத் திடுக்கிட வைத்துத்தான் சந்தோஷப்படுத்துவார்கள். தலைவன் பேச வேண்டியதில்லை, உருமி பேசும், பதாகை பேசும், கேக் பேசும். எல்லாம் பேசி முடித்ததும் அவன் ரோஜாவை நீட்டினால் போதும். திட்டம் குட்டியுடையது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கேக்கைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. மோட்டாரில் கேக் நிற்காது. "ஆண்டி, நம்ம கடை வேன்ல நீங்க மடியில வச்சிக்கிட்டா போதும்," என்றான் குட்டி. யுகன் என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இல்லாமல் நடந்தால் அதைவிட மோசமாக நடக்கும் என்று தோன்றியது. கேக்கைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குலிம் பக்கத்துத் தாமான் ஒன்றில், அதாவது குடியிருப்பில், வரிசை வீடு. போய் இறங்கியதும் பதாகையைப் பிரித்தார்கள். எனக்கு மயக்கமே வந்தது. கோயில் திருவிழாவுக்கு அடிக்கிற கடையிலேயே கொடுத்திருக்கிறார்கள், கடைக்காரர் வழக்கம்போலவே அடித்துவிட்டார். நடுவில் கறுப்புக் கண்ணாடியில் என் பிள்ளை. இரண்டு பக்கமும் கைகட்டி நிற்கிற போய்ஸ் ஒன்பது பேர், பின்னால் தீப்பிழம்பு. மேலே வலது மூலையில், வழக்கமாக விநாயகர் இருக்கிற இடத்தில், பாஸ்போர்ட் அளவில் தர்ஷினி. பார்க்கிறவர்களிடம் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டால் பத்துப் பேருக்கும் என்றுதான் சொல்வார்கள்.

எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், குழாயைப் பிடித்தபடியே, "கெண்டூரி கா?" என்று கேட்டார். விருந்தா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல.

யுகன் உருமியை மாட்டினான். கை நடுங்கியது. குட்டிக்கு அதைவிட நடுக்கம். ஒத்திகை பார்த்தது ஒரு கல்யாண அடி, மெதுவாகத் தொடங்கி ஏறுகிறது. ஆனால் மனிதன் பதறும்போது கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைத்தான் செய்யும். குட்டி பன்னிரண்டு வயதிலிருந்து மாரிமுத்து அண்ணனின் கோயிலில் அடித்து வளர்ந்தவன். அவன் கை தானாகப் போய் விழுந்தது முனீஸ்வரரை அழைக்கிற அடியில். தவில் எதைப் பிடித்ததோ உருமியும் அதையே பிடித்தது. யுகன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தான்.

தர்ஷினியின் அம்மா யான் என்கிற ஊருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். மாரிமுத்து அண்ணன் உள்ளே சாப்பிட்டுவிட்டுப் பாயில் படுத்திருந்திருக்கிறார். வருடத்தில் ஒருமுறை, திருவிழா அன்று, விரதம் இருந்து அருள் வருகிற மனிதர். அவருக்கு இந்த அடி கேட்டது.

கதவு திறந்தது. ரோஜாவோடு காத்திருந்தவர்கள் முன்னால் முனீஸ்வரர் வந்து நின்றார். கட்டம் போட்ட கைலி, பனியன், கண் மேலே ஏறியிருக்கிறது. ஒல்லியான மனிதர், ஆனால் அவர் காலை ஊன்றிய ஊன்றில் கேட் ஆடியது.

"யார்ரா என்னையக் கூப்புட்டது?"

பத்துப் பேரும் தார்ச் சாலையில் விழுந்தார்கள். பதாகையும் விழுந்தது. நான் கேக்கோடு விழ முடியாமல் குனிந்து நின்றேன். எதிர்வீட்டு அம்மா குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"இன்னைக்கு என் நாளும் இல்ல, பூசையும் இல்ல. எதுக்குடா கூப்புட்டீங்க? சுருட்டு எங்க?"

சுருட்டு யாரிடம் இருக்கும். போத்தாக் தலை தூக்காமலே கையை மட்டும் நீட்டினான். "சாமி, வேப்புதான் இருக்கு சாமி." வேப்பு என்றால் புகைக்கிற மின்சிகரெட். சாமி அதை வாங்கி முகர்ந்தது. ஸ்ட்ராபெரி வாசனை எனக்கே அடித்தது. சாமி அதைச் சாக்கடையில் எறிந்தது.

"கூப்புட்டவன் எழுந்திரி."

யுகன் எழுந்தான். சாமியிடம் பொய் சொல்லக் கூடாது என்று நான்தான் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது இப்படி வந்து விடியும் என்று தெரியாது.

"கூப்புடல சாமி. பர்த்டே சாமி."

"யாருக்கு?"

"உங்க... இவரு பொண்ணுக்கு சாமி."

"அதுக்கு நீ யாரு?"

நான் அவனைப் பெற்றவள். அவன் அந்த வருடத்தில் பேசிய மொத்தப் பேச்சையும் அந்த வாசலில் கேட்டேன். தர்ஷினியைப் பிடித்திருக்கிறது சாமி என்றான். பல்லில் ஒன்றும் இல்லை சாமி, சும்மாதான் போனேன் என்றான். கேட்க பயம் சாமி. முடியாது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை சாமி, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை சாமி. எல்லோரும் தலைவன் என்கிறார்கள், எனக்கு இரவில் பல்லி சத்தம் கேட்டாலே எழுந்து விளக்கைப் போடுவேன் சாமி. மார்பில் சிங்கம் குத்தும்போது பாதியில் மயங்கிவிட்டேன், அதற்குப் பின்கால் கிடையாது சாமி. சொல்லிக்கொண்டே அழுதான். மூக்கு ஒழுகியது. ரோஜாவால் துடைத்துக்கொண்டான்.

சாமி அசையாமல் கேட்டது. பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "இன்னும் என்னா?" என்றது. சாமி விஷயத்தில் நான் வாய் வைக்க மாட்டேன். ஆனால் அந்த நேரம் ஒரு கண் லேசாகத் திறந்து மூடியதைப் பார்த்தேன். அவ்வளவுதான் சொல்வேன்.

அதற்குள் தர்ஷினி வந்துவிட்டாள். தட்டில் கற்பூரம், எலுமிச்சம்பழம், ஒரு செம்பு தண்ணீர். ஒரு பதற்றமும் இல்லை. அப்பா நாக்கில் கற்பூரத்தை வைத்தாள், நெற்றியில் திருநீறு பூசினாள், தண்ணீர் தெளித்தாள். சாமி மலையேறியது. மாரிமுத்து அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, "இந்தத் தம்பி ஏன் அழுவுது?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு பிரஷர் இருக்கு. அந்த அடி யாரு அடிச்சது?" என்றாள் தர்ஷினி. குட்டி இன்னும் சாலையிலிருந்து எழவில்லை.

பிறகு யுகனிடம் திரும்பினாள். அவள் எல்லாவற்றையும் சன்னல் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். "சாமிகிட்ட சொல்லிட்டீங்க. என்கிட்ட யாரு சொல்லுவா?"

இவன் வாய் திறந்தான். பழைய "ஆ"தான் வந்தது.

"சனிக்கிழமை கிளினிக் அஞ்சு மணிக்கு முடியும். பக்கத்துக் கடையில தேத்தண்ணி குடிச்சிக்கிட்டுப் பேசலாம். ஒத்தையா வாங்க." என் கையிலிருந்த கேக்கை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாங்க ஆண்டி, வெயில்ல நிக்கிறீங்க."

6

அந்த வாரம் கடையில் வியாபாரத்தைவிட ஆலோசனைதான் அதிகம் நடந்தது. சிரித்துக்கொண்டே பேசு என்றான் குட்டி. சிரிக்காதே, ஆம்பளை சிரித்தால் மதிப்புப் போய்விடும் என்றான் போத்தாக். என் வீட்டுக்காரர் மட்டும் சனிக்கிழமை மத்தியானம் தன் நல்ல சட்டையைத் தானே இஸ்திரி போட்டு மகனின் நாற்காலியில் தொங்கவிட்டுப் போனார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

யுகன் கறுப்புக் கண்ணாடியை மாட்டினான், கழற்றினான். போய்விட்டான். மோட்டார் சத்தம்கூட அன்று குறைவாகத்தான் இருந்தது.

குட்டியும் போத்தாக்கும் அஞ்சடியில் உட்கார்ந்தார்கள். பிரசவ வார்டுக்கு வெளியே உட்காருகிற ஆண்கள் மாதிரி ஒரு முகம். பக்கத்தில் இரண்டு பை வைத்திருந்தார்கள். ஒன்றில் பட்டாசு. இன்னொன்றில் என்ன என்று கேட்டேன்.

"அது ஃபெயிலானா ஆண்டி," என்றான் போத்தாக். பார்த்தேன். பீர், ஒரு சின்ன ஸ்பீக்கர், முடி மழிக்கிற இயந்திரம்.

எனக்கு வந்த கோபத்தில் அந்த இயந்திரத்தைப் பிடுங்கி அரிசி மூட்டைக்குப் பின்னால் எறிந்தேன். "அவ முடியாதுன்னா என் புள்ள மொட்டை அடிக்கணுமா? அவ வீட்டு முன்னால போய் ஒக்காரணுமா? அந்தப் பொண்ணு பாவம் ஊர விட்டே போச்சேடா. அவ ஒனக்கு என்னடா பண்ணுனா?" கடையில் நின்ற வாடிக்கையாளர் மிளகாய்த்தூளை வைத்துவிட்டு நழுவிவிட்டார். போத்தாக் தன் மொட்டையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தான். "அவங்க பயந்துட்டாங்களா ஆண்டி?" என்று கேட்டான். இத்தனை நாளில் அவன் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆமாம்டா என்றேன்.

பொழுது சாயும் நேரம். ஜெராய் மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வந்தது. யுகன் வந்தான். மோட்டாரை நிறுத்தினான், தலைக்கவசத்தைக் கழற்றி அதன் கண்ணாடியில் மாட்டினான். சாக்கடையைப் பார்க்கவில்லை, இரும்புக் கதவைப் பார்க்கவில்லை.

"என்னா மச்சான் ஆச்சு?" குட்டி எழுந்து நின்று கேட்டான்.

"இப்ப ஆமான்னு சொல்ல முடியாதாம்."

கையிலிருந்த அரிசிப் படியை மூட்டைக்குள் வைத்தேன்.

"இவ்ளோ நாளா ஒன் சத்தம்தான் கேட்டுருக்கேன், ஒன்னையக் கேட்டதே இல்ல, எத வச்சி ஆமாங்குறதுன்னு கேட்டா. வேணாம்னே சொன்னாலும் சொல்லுவேன், எதிர்பார்க்காதன்னா."

"நீ என்னா சொன்ன?"

"சரின்னேன்."

"அவ்ளோதானா? கோவப்படலையா?"

"எதுக்கு? அவ சொல்றது சரியாதான லா இருக்கு." என் பக்கம் திரும்பினான். "ம்மா, பசிக்குது. என்னா இருக்கு?"

கடைக்குப் பின்னால் இருக்கிற சமையலறைக்கு ஓடினேன். கருவாட்டுக் குழம்பு சுட வைத்தேன், முட்டை பொரித்தேன். கண்ணைப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன், எரிந்தது கேஸ் அடுப்புதான். அவன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். குட்டியும் போத்தாக்கும் பின்னாலேயே வந்து, இரண்டு பைகளோடும் சுவர் ஓரமாக நின்று, அவன் வாயைப் பார்த்தார்கள். எந்தப் பையைத் திறப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

கடை போன் அடித்தது. எடுத்தேன்.

"ஆண்டி, தர்ஷினி பேசுறேன். யுகன் வந்து சேந்துட்டாங்களா? மழ வர மாதிரி இருந்துச்சி, அவங்க போனு எடுக்கல."

"வந்துட்டான்மா."

பிறகு மெதுவாக, "கோவமா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

கற்பூரத் தட்டோடு முனீஸ்வரருக்கு முன்னால் அசையாமல் நின்ற பெண். அவள் குரலில் பயம் இருந்தது. என் பிள்ளையைப் பற்றிய பயம்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்மா," என்றேன்.

"சாப்புடுறாங்களா?"

"ரெண்டாவது தட்டு."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"நீயே பேசும்மா," என்று போனை அவனிடம் நீட்டினேன். வலது கையில் குழம்பு. இடது கையால் வாங்கிக் காதில் வைத்தான். "ம்," என்றான். "கருவாடு," என்றான். அப்புறம், "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டான். அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். இவன் கேட்டான். முழுதாகக் கேட்டுவிட்டு, பல்லியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினான். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. குட்டி ஒரு அடி முன்னால் வந்தான். போத்தாக் கழுத்தை நீட்டினான். நான் குழம்புச் சட்டியை வெறுமனே கிண்டிக்கொண்டு காதைத் தீட்டினேன்.

யுகன் நிமிர்ந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்தான். பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான், அவ்வளவுதான்.

"வெளிய போங்கடா, என்ன வேடிக்க," என்று இரண்டு பேரையும் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அஞ்சடியில் விட்டேன். கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் பார்த்தேன், நானும் அவர்களோடு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அவன் பேசிக்கொண்டே இருந்தான்.